ஸ்டம்புக்குப் பின்னால் நிற்கப் போகிறவர்களுக்கு

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், மேலே வெள்ளிமலை, கரியாலூர் என்று பல ஊர்களிலிருந்து கீப்பிங் பழக வந்த பிள்ளைகளுக்கு வாயால் சொன்னதை இப்போது எழுதித் தருகிறேன். நம் பக்கத்து அணிகளில் கீப்பரை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பந்து போட வராதவன், பவுண்டரிக்கு ஓட மாட்டாதவன், இல்லையென்றால் கிளவுஸ் வைத்திருக்கிறவன். அவனைப் பின்னால் நிறுத்திவிட்டு டாஸ் போட்டுவிடுகிறார்கள். இந்த வழக்கம் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இன்னிங்ஸ் முழுக்க ஒவ்வொரு பந்துக்கும் வேலை உள்ள ஆள் களத்தில் கீப்பர் ஒருவர்தான். அந்த வேலையை மிச்சம் மீதிக்கு விடக் கூடாது. தம்பிகளும் தங்கைகளும் இதைத் தொழிலாக எடுத்துப் பழக வேண்டும்.

1. கை முதலில், மட்டை பிறகு.

இதை முதலில் வைப்பதற்கு நரேன் தம்ஹானே காரணம். பம்பாய்க்காரர். 1955 புத்தாண்டு நாளில் டாக்காவில் தொடங்கிய பாகிஸ்தான் டெஸ்ட்தான் அவருக்கு முதல் டெஸ்ட். ஐந்து டெஸ்ட் கொண்ட அந்தத் தொடரில் ஒன்றிலும் முடிவு வரவில்லை, எல்லாம் டிரா. சலிப்பான தொடர் என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் தம்ஹானே மட்டும் அதில் 19 பேரை வெளியே அனுப்பினார். 1960-61 சீசனோடு அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தபோது கணக்கு இப்படி: 21 டெஸ்ட், 35 கேட்ச், 16 ஸ்டம்பிங். மட்டையில் சராசரி 10 ரன்னைச் சற்றே தாண்டும்.

அந்த 16-ஐக் கவனி. அவர் வீழ்த்தியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஸ்டம்பிங்கில் போயிருக்கிறார். எதிரே பந்து போட்டவர்கள் யார்? லெக் ஸ்பின் சுபாஷ் குப்தே, இடக்கை வினு மன்காட், ஆப் ஸ்பின் குலாம் அகமது. மூன்று பேர் பந்தும் மூன்று விதமாகத் திரும்பும். குப்தே கூக்ளியையே இரண்டு விதமாகப் போடுவார் என்பார்கள். அந்தக் காலத்து மைதானத்தில் இவர்களுக்கு நெருங்கி நின்று பிடிப்பது எத்தனை பெரிய வித்தை என்பதை, ஒரு முறை மரவள்ளி பிடுங்கிய கொல்லையில் ஸ்பின்னருக்குக் கீப்பிங் செய்து பார்த்தால் உனக்கே தெரியும். ரன் அடிக்காத ஒருவரை 21 டெஸ்டுக்கு வைத்திருந்தார்கள் என்றால், அவர் கைகளை நம்பித்தான் பந்து வீச்சாளர்கள் மட்டையாளரை முன்னுக்கு இழுத்தார்கள் என்று பொருள்.

மட்டை வீச்சைப் பதினேழு, பதினெட்டு வயதிலும் திருத்தி எடுத்துவிடலாம். கை அப்படியில்லை. சிறு வயதில் பந்துக்கு இணங்கிய விரல்தான் கடைசி வரை இணங்கும். இது என் அனுபவத்தில் கண்ட முடிவு. மாற்றுக் கருத்துள்ள பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள்.

2. பந்தோடு எழு.

புதிதாக வருகிற எல்லோரும் முன்கூட்டியே எழுந்துவிடுகிறார்கள். பந்து தரையில் படுவதற்கு முன்பே முழங்கால் நிமிர்ந்துவிடும். பிறகு தாழ்ந்து வரும் பந்துக்குக் கையை மட்டும் கீழே அனுப்புவார்கள். அது கையில் நிற்காது. குந்தியிரு. பந்து குத்தும் வரை குந்தியிரு. அது எவ்வளவு எழும்புகிறதோ அந்த அளவுக்கு நீயும் எழு. விரல் நுனி தரையைப் பார்க்கட்டும், ஒருபோதும் பந்தைப் பார்க்க வேண்டாம். பந்தை நோக்கி நீட்டிய விரல்தான் ஒடிகிறது.

பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு விட்டுக்கொடு. வீடு கட்டுமிடத்தில் சாரத்தின் மேல் நிற்கும் கொத்தனார், கீழிருந்து எறியும் செங்கல்லைப் பிடிப்பதைக் கவனித்திருப்பாய். கல்லை எதிர்த்து அவர் கை போகாது, கல் வருகிற போக்கிலேயே கொஞ்சம் சேர்ந்து போகும். அவ்வளவுதான் இந்தக் கலை.

டென்னிஸ் பந்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. பொங்கல் சமயத்தில் ஊருக்கு ஊர் நடக்கும் டோர்னமென்டுகளில் ஆடி ஆடி, பந்து பட்டதும் கையைப் படக்கென்று மூடும் பழக்கம் வந்திருக்கும். டென்னிஸ் பந்து துள்ளி வெளியே போய்விடும் என்பதால் அங்கே அது சரி. தோல் பந்தில் அதே பழக்கம் கையைக் கெடுக்கும். இரண்டையும் ஆடு, ஆனால் கிளவுஸ் மாட்டியதும் கையைத் தளர விடப் பழகிக்கொள்.

3. நிற்கும் இடத்தை மைதானம் சொல்லும், நீ முடிவு செய்யாதே.

வேகப் பந்துக்கு எத்தனை அடி பின்னால் என்று கேட்கிறார்கள். அளவு கிடையாது. பந்து எழும்பி, இறங்கத் தொடங்கும்போது உன் இடுப்பளவில் கைக்கு வர வேண்டும். அதுதான் இடம். பங்குனி, சித்திரையில் தரை காய்ந்து கிடக்கும்போது பின்னால் போ. ஐப்பசி மழைக்குப் பிறகு இரண்டு மூன்று எட்டு முன்னால் வா. மார்கழிக் காலையில் பனியில் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்ந்து வரும், அதற்கும் முன்னால்தான். தேங்காய் நார் மேட்டில் பந்து கூடுதலாக எழும்பும் என்பதை மறக்காதே.

ஸ்பின்னருக்கு நிற்கும்போது இடது கால் நடு ஸ்டம்புக்கும் ஆப் ஸ்டம்புக்கும் பின்னால் இருக்கட்டும் (வலக்கை மட்டையாளருக்குச் சொல்கிறேன்). பந்து வீச்சாளர் கையை விட்டு வருவது தெளிவாகத் தெரிய வேண்டும். கிளவுஸ் ஸ்டம்புக்கு முன்னால் நீட்டக் கூடாது. மட்டையிலோ மட்டையாளர் உடம்பிலோ பந்து படும் வரை, அல்லது அது ஸ்டம்பைத் தாண்டும் வரை நீ முழுவதும் பின்னால் இருக்க வேண்டும் என்று 27-ஆம் விதி சொல்கிறது. இல்லையென்றால் நோ பால், நீ செய்த ஸ்டம்பிங் வீண்.

4. வெறுங்கையில் பழகு, ஆனால் வெறுங்கையோடு ஆடாதே.

சையது கிர்மானி பிறந்தது நம் சென்னையில், 1949-இல். வளர்ந்தது பெங்களூரு. சிறுவனாகத் தெருவில் ஆடியபோது கிளவுஸ் இல்லாமல் செங்கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு கீப்பிங் செய்ததை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். அந்தக் கைகள்தான் பிறகு பேடி, சந்திரசேகர், பிரசன்னா, வெங்கட்ராகவன் நால்வருக்கும் பிடித்தன: 88 டெஸ்டில் 160 கேட்ச், 38 ஸ்டம்பிங். கிளவுஸ் இல்லை என்பதற்காக யாரும் ஒதுங்க வேண்டியதில்லை என்பதற்கு இதைச் சொல்கிறேன். வீட்டுச் சுவரில் டென்னிஸ் பந்தை எறிந்து இரு கையாலும், பிறகு வலக்கையால், பிறகு இடக்கையால் பிடி. சுவர் கரடுமுரடாக இருந்தால் இன்னும் நல்லது.

தோல் பந்து வந்துவிட்டால் கதை வேறு. உள் கிளவுஸ் கட்டாயம் போடு. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தில் மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருப்பவரைக் கேட்சர் என்பார்கள், நம் கீப்பருக்கு உறவுக்காரர். 1869-இல் எல்லோருக்கும் சம்பளம் கொடுத்து இறங்கிய முதல் அணி சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ். அதன் கேட்சர் டக் அல்லிசன் வெறுங்கையால் பிடித்துக் கை புண்ணாகி, அடுத்த ஆண்டு தோல் உறை மாட்டிக்கொண்டார். அவருக்குப் பின் வந்த சார்லி பென்னட் தடுப்பில் பெயர் வாங்கியவர். 1881 முதல் 1888 வரை டெட்ராய்ட், அதன் பிறகு பாஸ்டன். விரல்கள் ஒடிந்து ஒடிந்து கோணலாகிவிட்டன. மார்பில் பந்து படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அவருடைய மனைவிதான் கார்க் வைத்துத் தைத்த மார்புக் கவசம் செய்து கொடுத்தார் என்று சொல்வார்கள். 1894-இல் ரயில் விபத்தில் இரண்டு காலையும் இழந்தார். டெட்ராய்ட் மக்கள் அவரை விடவில்லை. 1896-இல் திறந்த மைதானத்துக்கு பென்னட் பார்க் என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் முதல் ஆட்டத்தின் முதல் பந்தை அவர்தான் பிடித்துத் தொடங்கி வைத்தார், 1926 வரைக்கும். ஒரு கேட்சரை ஓர் ஊர் இப்படிக் கொண்டாடியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. நம் ஊரிலும் நடக்க வேண்டும்.

5. ஸ்பின்னருக்கு நிற்கும்போது ஹெல்மெட் போடு.

பேச்சுக்கு இடமில்லை. தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சர் டெஸ்டில் மட்டும் 555 பேரை வீழ்த்தியவர். 2012 ஜூலையில் டான்டனில் ஒரு பயிற்சி ஆட்டம், இம்ரான் தாகிர் பந்து ஸ்டம்பில் பட்டுத் தெறித்த பெயில் இடது கண்ணில் குத்தியது. அன்றோடு முடிந்தது. நம் சபா கரீமுக்கு 2000-இல் டாக்காவில் கும்ப்ளே பந்து கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு ஒரே ஒரு டெஸ்ட்தான் ஆட முடிந்தது. கழற்றிய ஹெல்மெட்டை உனக்கு நேர் பின்னால் வை. பந்து அதில் பட்டால் எதிரணிக்கு 5 ரன் போகும் என்பதால், வேகப் பந்துக்கு வெளியே கொடுத்து அனுப்புவது மேல்.

6. உன் பந்து வீச்சாளரின் மணிக்கட்டைப் படி.

சேப்பாக்கத்தில் 1988 ஜனவரியில் நடந்த வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட் என்றால் எல்லோரும் நரேந்திர ஹிர்வானி என்பார்கள். முதல் டெஸ்டிலேயே 136 ரன் கொடுத்து 16 விக்கெட் எடுத்தார். அதே ஆட்டத்தில் கிரண் மோரே 6 பேரை ஸ்டம்பிங் செய்தார், அதில் 5 இரண்டாவது இன்னிங்ஸில். இரண்டும் உலக சாதனை ஆயின. இறங்கி அடிக்க வந்த மட்டையாளரை ஏமாற்றிய பந்து கீப்பரையும் ஏமாற்றியிருந்தால் அந்த 16-இல் எத்தனை மிஞ்சியிருக்கும்? கூக்ளியைக் கீப்பர் கையிலேயே படித்துவிட வேண்டும், பிட்சில் படித்தால் நேரம் போதாது. இதற்கு வலையில் உன் ஸ்பின்னரோடு தனியாக நேரம் போட வேண்டும், மட்டையாளர் இல்லாமல். அவன் எதைப் போடப் போகிறான் என்று பேசி வைத்துக்கொள்ளாமல் நீயே கண்டுபிடி.

நம் மாநிலத்தில் இதற்குப் பாரத் ரெட்டி நல்ல உதாரணம். 1954-இல் சென்னையில் பிறந்தவர். தமிழ்நாட்டு அணிக்கு ஆண்டுக்கணக்கில் வெங்கட்ராகவன் பந்தைப் பிடித்தவர். அவரைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது.

7. பையைக் கணக்கில் வை.

1981-82-இல் இங்கிலாந்து அணி தொடர்ந்து மூன்று டெஸ்டில் 1,964 ரன் எடுத்தபோது கிர்மானி ஒரு பை கூட விடவில்லை. அந்த வேலைக்குக் கைதட்டல் கிடைத்திருக்காது. ஸ்கோர் புத்தகத்தில் ஒரு சுழி, அவ்வளவுதான்.

கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கியதே இல்லை. மேலே சமமான இடம் குறைவு. கீப்பரைத் தாண்டிய பந்து சரிவில் உருண்டு புதருக்குள் போய்விடும். தேடி எடுத்து வருவதற்குள் ஆட்டம் நின்றுவிடும், சில நாள் பந்தோடு ஆட்டமும் போய்விடும். அதனால் உடம்பை வைத்தாவது நிறுத்தும் பழக்கம் அவர்களிடம் முன்பே இருக்கிறது. கீழே சமவெளியில் இருக்கிறவர்கள் அவர்களைப் பார்த்துக் கற்கட்டும்.

8. நழுவும். அடுத்த பந்துக்குக் குந்து.

1958 டிசம்பர், கான்பூர். வெஸ்ட் இண்டீஸின் முதல் இன்னிங்ஸில் குப்தே 102 ரன் கொடுத்து 9 விக்கெட் எடுத்தார். மிஞ்சியவர் லான்ஸ் கிப்ஸ். அவர் கொடுத்த கேட்சை, குப்தே பந்தில், நழுவவிட்டவர் தம்ஹானே. அதைப் பிடித்திருந்தால் ஒரே இன்னிங்ஸில் பத்தும் குப்தேவுக்கு. யாரை நான் முதல் அறிவுரையில் தூக்கி வைத்தேனோ அவர் கையிலிருந்தே அது விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகும் அவர் இந்தியாவுக்கு ஆடினார். கேட்ச் விட்ட கீப்பர் அடுத்த இரண்டு ஓவர் அதையே நினைத்துக்கொண்டிருந்தால் இரண்டாவதையும் விடுவான். பந்து வீச்சாளரைப் பார்த்து ஒரு கை தூக்கு, திரும்பி வந்து குந்து.

9. தொடவில்லை என்று தெரிந்தால் கேட்காதே.

எட்ஜ் பட்டதா இல்லையா என்பது கீப்பருக்குத்தான் மிக நன்றாகத் தெரியும். நம் ஊர் ஆட்டத்தில் ரீப்ளே கிடையாது, அம்பயராக நிற்பவரும் பெரும்பாலும் ஆடும் அணிக்காரர். அந்த இடத்தில் உன் வாய்தான் தீர்ப்பு. 1980 பிப்ரவரியில் பம்பாயில் பொன்விழா டெஸ்ட். கபில் தேவ் பந்தில் இங்கிலாந்துக் கீப்பர் பாப் டெய்லர் கேட்ச் கொடுத்ததாக அம்பயர் விரலைத் தூக்கினார். பிடித்தவர் கிர்மானி. டெய்லர் தொடவில்லை என்று சைகை காட்ட, கேப்டன் குண்டப்பா விஸ்வநாத் அவரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் 171 ரன் சேர்த்தார்கள், இந்தியா தோற்றது. அந்த ஆட்டத்தில் டெய்லர் 10 கேட்ச் பிடித்து உலக சாதனையும் செய்தார். தோல்வியை இன்று யாரும் குறை சொல்வதில்லை. விஸ்வநாத்தின் பெயரை அந்தச் செயலுக்காகவே சொல்கிறார்கள்.

10. மட்டையும் பழகு.

முதல் அறிவுரையைப் படித்துவிட்டு மட்டையைத் தூக்கிப் போடாதே. தம்ஹானேவின் இடத்துக்கு வந்தவர்கள் புதி குந்தரனும் ஃபரூக் எஞ்சினியரும். குந்தரன் 1964-இல் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 192 அடித்தார். எஞ்சினியர் 1967-இல் சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸ் வேகத்தை எதிர்த்து மதிய உணவுக்கு முன்பே 94. காலம் அப்போதே திரும்பத் தொடங்கிவிட்டது. தோனிக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். சராசரி 10 வைத்துக்கொண்டு இன்று மாவட்ட அணியில்கூட இடம் கிடைக்காது. ஆறாவது, ஏழாவது ஆளாக இறங்கி முப்பது ரன் சேர்க்கத் தெரிந்திருக்க வேண்டும். நான் சொல்வதெல்லாம் வரிசை பற்றித்தான். அரை நாள் பயிற்சி என்றால் முதல் பாதி கைக்கு.

11. இரண்டாவது கீப்பராக இருக்கக் கற்றுக்கொள்.

அணியில் ஒரு கீப்பருக்குத்தான் இடம். பாரத் ரெட்டி கிர்மானிக்குப் பின்னால் காத்திருந்தார். 1979 இங்கிலாந்துப் பயணத்தில் கிர்மானியை விட்டுவிட்டு அவரை எடுத்தார்கள். நான்கு டெஸ்ட், 9 கேட்ச், 2 ஸ்டம்பிங். கவாஸ்கர் 221 அடித்த ஓவல் டெஸ்டிலும் அவர்தான் கீப்பர். அதற்கடுத்து கிர்மானி திரும்பினார், ரெட்டிக்கு வேறு டெஸ்ட் வரவில்லை. அவர் ஆட்டத்தை விட்டுப் போகவில்லை. தமிழ்நாட்டுக்கு ஆடினார், பிறகு கெம்பிளாஸ்ட் நிறுவனத்தில் இருந்துகொண்டு ஜாலி ரோவர்ஸ் அணி வழியாக எத்தனையோ பிள்ளைகளை வளர்த்தார். தினேஷ் கார்த்திக்கைப் பார். 2004 செப்டம்பரில் லார்ட்ஸில் முதல் ஒருநாள் ஆட்டத்திலேயே மைக்கேல் வானை ஸ்டம்பிங் செய்து பெயர் வாங்கினார். சில மாதத்தில் தோனி வந்துவிட்டார். அதற்குப் பின்னும் ஏறத்தாழ இருபது ஆண்டு, கூப்பிட்டபோதெல்லாம் தயாராக நின்றார். பெஞ்சில் இருக்கும் நாளில் தண்ணீர் தூக்கு, பந்து வீச்சாளருக்கு வலையில் பிடி, முதல் கீப்பரின் கையைக் கவனி.

12. தங்கைகளுக்கு.

மேலே சொன்ன அத்தனையும் உங்களுக்கும்தான். தமிழ்நாட்டின் ஜி. கமலினி 2025-இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணிக்குக் கீப்பர். அதற்குச் சில வாரம் முன்பு மும்பை அணி அவரை 1.6 கோடி ரூபாய்க்கு எடுத்தது. உங்கள் வீட்டில் தயங்கினால் இந்தத் தகவலை அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். கிளவுஸ் மட்டும் உங்கள் கைக்குச் சரியான அளவில் வாங்குங்கள். அண்ணன் கிளவுஸ் பெரிதாக இருந்தால் பந்து விரலுக்குப் போகும்.

13. படிப்பை விடாதே.

ஜனார்தன் நவ்லே 1932 ஜூன் 25 அன்று லார்ட்ஸில் இந்தியாவின் முதல் டெஸ்டில் கீப்பர். இந்தியாவுக்காக முதல் பந்தைச் சந்தித்தவரும் அவரே. மொத்தம் இரண்டு டெஸ்ட். பிற்காலத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் காவலராக வேலை பார்த்தார். அந்த வேலையில் குறைவு ஒன்றும் இல்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலையிலும் கச்சிராயபாளையம் ஆலையிலும் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நம் பக்கத்தில் நிறைய. ஆனால் நாட்டின் முதல் கீப்பரை நாடு கவனிக்காமல் விட்டது எனக்கு இன்றும் வலிக்கிறது. நீ ஆட்டத்தை மட்டும் நம்பி பத்தாம் வகுப்பிலேயே நிற்கக் கூடாது. டிகிரி இருந்தால் அணி வைத்திருக்கும் அலுவலகங்களில் கேட்க ஒரு வழி இருக்கும்.

14. பெரிய ஆட்டத்தைப் போய்ப் பார்.

வாழப்பாடியில் 2020-இல் மைதானம் திறந்தார்கள். சேலம் போகும் பஸ்ஸில் ஏறினால் ஆத்தூர் தாண்டி இறங்கிவிடலாம். டிஎன்பிஎல் ஆட்டம் நடக்கும்போது போ. பந்தைப் பார்க்காதே, ஐந்து ஓவர் கீப்பரை மட்டும் பார். பந்து ஆழமாகப் போனதும் அவர் ஸ்டம்புக்கு எப்படி ஓடி வருகிறார், எறிபவருக்கு எந்தக் கையைக் காட்டுகிறார், ஓவருக்கு நடுவில் ஸ்பின்னரிடம் என்ன சைகை. டிவியில் இது ஒன்றும் தெரியாது. அதே சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து போட்டுக்கொண்டிருந்த நடராஜன் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார் என்பதைப் பஸ்ஸில் போகும்போது நினைத்துக்கொள்.

15. தேர்வு நாளன்று.

பிறந்த தேதிச் சான்று, ஆதார், அவற்றின் நகல் முந்தின இரவே பையில் இருக்கட்டும். மலையிலிருந்து வருகிறவர்கள் முதல் பஸ்ஸை நம்பி வராதீர்கள், முந்தின நாளே கள்ளக்குறிச்சியில் உறவுக்காரர் வீட்டுக்கோ நண்பர் வீட்டுக்கோ வந்துவிடுங்கள். உள் கிளவுஸ் இரண்டு ஜோடி, ஒன்று வியர்வையில் நனைந்தால் மாற்ற. கார்டு இல்லாமல் குந்தாதே. காலையில் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம், இரண்டு இட்லி போதும். தேர்வாளர்கள் பெரும்பாலும் மட்டை வீச்சைத்தான் முதலில் கேட்பார்கள், பத்துப் பந்து ஆட விடுவார்கள். ஆடி முடித்ததும் நீயே போய்ப் பணிவாக, “சார், நான் கீப்பர், ஸ்பின்னருக்கு ஒரு ஓவர் நிற்கிறேன்” என்று கேள். படிவத்தில் என்ன ஆட்டக்காரர் என்ற இடத்தில் கீப்பர் என்று எழுது, மட்டையாளர் என்பதை அதற்குப் பக்கத்தில் இரண்டாவதாக எழுது.